சூப்பர்மேன் காங்கேயத்துக் கிணற்றில் விழுந்தால்: பழைய நாயகனின் பிறப்புக் கதையைப் புதிதாக எழுதும் முறை

வேட்டி கட்டிவிட்டதால் மட்டும் சூப்பர்மேன் கொங்குக்காரன் ஆகிவிட மாட்டான். தெரிந்த நாயகனை நம்மூருக்குக் கொண்டுவரும் கதைகள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகின்றன. பெயர் மாறும், உடை மாறும், பின்னால் ஒரு கோபுரம் தெரியும். சம்பவங்கள் மட்டும் அமெரிக்காவில் நடந்த வரிசையிலேயே நடக்கும். இடம் மாறினால் காரணங்களும் மாற வேண்டும். குழந்தையை ஏன் யாரும் தேடி வரவில்லை, ஏன் அந்தத் தம்பதி உண்மையை ஒளித்தார்கள், பையனுக்கு உள்ளுக்குள் எது வலிக்கிறது என்பதற்கெல்லாம் அந்த மண்ணே பதில் சொல்ல வேண்டும்.

இந்த வழிகாட்டியில் எடுத்துக்காட்டு சூப்பர்மேன்; இடம் காங்கேயம் பக்கத்துப் புஞ்சைக் காடு; அளவு 16 பக்கக் காமிக்ஸ். வேறு நாயகனுக்கும் வேறு ஊருக்கும் இதே முறை பொருந்தும்.

முதலில் வந்தது எது, பிறகு ஒட்டியது எது

எழுத உட்காரும் முன் ஒரு தாளை இரண்டாகக் கோடு கிழித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் நாயகன் முதன்முதலில் வந்த இதழில் இருந்தவை. வலப்பக்கம் பிறகு சேர்ந்தவை.

ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் உருவாக்கிய சூப்பர்மேன் 1938 ஜூன் தேதியிட்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் வந்தான். அதில் பிறப்புக் கதைக்கு ஒரே ஒரு பக்கம். அழிந்த கிரகத்துக்குப் பெயர் இல்லை. வழியில் போன வண்டிக்காரர் ஒருவர் குழந்தையை எடுத்து அநாதை இல்லத்தில் சேர்க்கிறார். வளர்த்த அப்பா அம்மா அந்தப் பக்கத்தில் கிடையாது. அவனுக்குப் பறக்கவும் தெரியாது. எட்டில் ஒரு மைல், அதாவது சுமார் 200 மீட்டர், தாவுவான். பலத்துக்குச் சொன்ன விளக்கமும் எளிமையானது: எறும்பு தன் எடையைப்போல் பல மடங்கு சுமக்கிறது, வெட்டுக்கிளி அதன் அளவுக்கு எவ்வளவோ தூரம் தாவுகிறது, இவனும் அப்படித்தான்.

வலப்பக்கம் நீளமாக இருக்கும். கிரிப்டான் என்ற பெயரும் வளர்ப்புப் பெற்றோரும் 1939-இல் வந்தவை. அவன் பலத்தைப் பறிக்கும் கிரிப்டோனைட் கல் 1943-இல் வானொலித் தொடர் வழியாக வந்தது. வளர்ப்புப் பெற்றோர் இறந்த பிறகே அவன் நாயகனாகக் கிளம்பினான் என்று வெகுகாலம் இருந்ததை, 1986-இல் ஜான் பைர்ன் மாற்றி அவர்களை உயிரோடு வைத்தார்.

இந்தத் தாள் தரும் முதல் பயன் தைரியம். நாம் புனிதம் என்று நினைத்துத் தொடப் பயப்படுகிற பாதி விஷயங்கள் பின்னால் ஒட்டியவை. இரண்டாவது பயன் இன்னும் பெரிது: மறந்துபோன நல்ல சரக்கு கையில் கிடைக்கும். 1938 சூப்பர்மேன் மோதியது வேற்றுக்கிரகத்து அரக்கர்களோடு இல்லை. மனைவியை அடிக்கிறவனைப் பிடிக்கிறான். குற்றமில்லாத பெண்ணை மின்சார நாற்காலிக்குப் போகாமல் காக்கிறான். அரசியல்வாதியைக் கையில் போட்டுக்கொண்ட தரகனை மிரட்டுகிறான். கொங்குக்குக் கொண்டுவர ஏற்றவன் இந்தப் பழைய சூப்பர்மேன்தான்.

எட்டுச் சொல்லில் எலும்பு

2005-இல் கிராண்ட் மாரிசனும் ஃபிராங்க் குவைட்லியும் இதே நாயகனின் பிறப்பை ஒரே பக்கத்தில், 4 கட்டங்களில், ஆங்கிலத்தில் வெறும் 8 சொற்களில் முடித்தார்கள். உங்கள் கதையையும் அப்படிச் சுருக்கிப் பாருங்கள். நம் எடுத்துக்காட்டு இப்படி வருகிறது:

வறண்ட கிணறு. அழுகைச் சத்தம். ஒளித்த பிறப்பு. மாமன் மடி.

முதல் இரண்டும் சூப்பர்மேனின் எலும்பு. பின்னிரண்டும் இந்த ஊர் கொடுத்தவை. எட்டும் பழைய கதையிலிருந்தே வந்தால் நீங்கள் புதிதாக எதுவும் எழுதவில்லை. எட்டும் புதிதாக இருந்தால் அதற்குச் சூப்பர்மேன் தேவையில்லை.

ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

2003-இல் மார்க் மில்லர் எழுதிய 3 பகுதிக் கதையில் விண்கலம் கன்சாஸில் இறங்காமல் சோவியத் உக்ரைனின் கூட்டுப்பண்ணையில் இறங்குகிறது. கைவைத்தது அந்த ஒன்றில்தான். மற்ற மாற்றமெல்லாம் அதன் விளைவாகத் தானே நடக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கம் 2004-இல் வந்த இந்திய ஸ்பைடர்மேன். பீட்டர் பார்க்கர் பவித்ர் பிரபாகர் ஆனார், பென் மாமா பீம் மாமா ஆனார், மே அத்தை மாயா அத்தை ஆனார். ஒவ்வொரு பெயருக்கும் ஒலி ஒத்த ஒரு பெயர். ஆனால் அந்தச் சின்ன மாற்றங்களுக்கு நடுவே ஒரு பெரிய மாற்றம் சத்தமில்லாமல் நுழைந்துவிட்டது. சிலந்தி கடித்ததற்குப் பதிலாக ஒரு யோகி சக்தியைக் கொடுக்கிறார். 1962-இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 11 பக்கத்தில் சொன்ன மூலக்கதை குறிபார்த்து அடித்த இடமே வேறு: யாரும் தேர்ந்தெடுக்காத ஒரு பையனுக்குத் தற்செயலாகச் சக்தி கிடைக்கிறது, அவன் அதைச் சில்லறைக்கு விற்கிறான், அதனால் வீட்டில் சாவு விழுகிறது. பெரியவர் ஒருவர் பார்த்துக் கொடுத்த சக்தி என்றாகிவிட்டால் அந்தக் குற்ற உணர்வின் கனம் குறைந்துவிடும். தெரியாமல் தாங்குசுவரை இடித்த கதை அது.

ஆகவே ஒவ்வொரு எலும்பையும் தொட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: இதை எடுத்தால் கடைசிப் பக்கம் விழுமா? சூப்பர்மேனுக்கு விழக்கூடியவை மூன்று. அவனுக்குத் திரும்பிப் போக ஊர் இல்லை. பெறாதவர்கள் அவனைப் பிள்ளையாக வளர்த்தார்கள். என்ன வேண்டுமானாலும் செய்யக்கூடியவன் அடக்கமாக வாழ்கிறான். இவற்றைத் தொடாதீர்கள். கண்ணாடி, முன்நெற்றிச் சுருள்முடி, மேலங்கி எல்லாம் இருந்தாலும் போனாலும் ஒன்றுதான்.

மண்: கதையின் பாதி வேலை இங்கே

தோட்டத்து நடுவே ஒற்றைச் சாளை (தோட்டத்து வீடு), சுற்றிலும் காடு, கூப்பிடு தூரத்தில் ஆளில்லை. கொங்கில் இது வழக்கமான குடியிருப்பு. கலம் விழுந்ததை ஊரே பார்க்காமல் போனது எப்படி என்ற கேள்விக்குக் கன்சாஸ் பண்ணை கொடுத்த பதிலை இந்தச் சாளையும் கொடுக்கும். இதே கதையைத் தஞ்சாவூர்ப் பக்கம், வீடுகள் நெருங்கி நிற்கும் தெருவில் வைத்தால் விடியும் முன் நூறு பேர் கூடியிருப்பார்கள்.

காலத்தை 1983 என்று வையுங்கள். வறட்சிக் காலம். பாறை வெட்டி இறக்கிய கிணறு அடிமட்டம் வரை காய்ந்து கிடக்கிறது. மாதம் ஆடி: மேல்காற்று இரவெல்லாம் ஊளையிடும், ஓடு சரியும், பனைமட்டை கழன்று விழும். கலம் கிணற்றுக்குள் விழுந்த சத்தம் அதில் அடங்கிப்போகும். வெட்டவெளியில் குழி பறித்துத் தீப்பிழம்போடு இறங்கினால் பக்கம் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் மறுநாள் காவல்துறை வந்து நிற்கும், உங்கள் கதை அங்கேயே முடியும். கிணற்றில் விழுந்தால் வேறொரு வசதியும் உண்டு: கலத்தை ஒளிக்கத் தனி இடம் தேட வேண்டாம். அடுத்த மழைக்குத் தண்ணீர் ஏறி மூடிவிடும். பல வருசம் கழித்து இன்னொரு வறட்சியில் வளர்ந்த பையன் கண்ணில் அது தானாகவே படும்.

இப்போது தம்பதி. பிள்ளையில்லாத வீடு. பொன்னர் சங்கர் கதையை உடுக்கையடித்துப் பாடும் ஊர் இது. பிள்ளை வேண்டி அவர்கள் தாய் தாமரை தவம் கிடந்த பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வானத்திலிருந்து பிள்ளை வருவது அவ்வளவு அதிசயமில்லை. ஆனாலும் ஊரிடம் என்ன சொல்வது? மூலக்கதையில் அவனை வளர்த்த கென்ட் தம்பதிக்கு ஒரு பொய்யோ ஒரு தாளோ போதும். இங்கே போதாது. காடு மேடு வைத்திருக்கும் கொங்கு வேளாளர் வீடு என்றால் யாரைப் பார்த்தாலும் இரண்டாவது கேள்வி “என்ன கூட்டமுங்க?” என்பதாகத்தான் இருக்கும். கூட்டம் என்றால் குலப்பிரிவு. ஒரே கூட்டத்தில் பெண் எடுக்க மாட்டார்கள். கல்யாணம், கோயில், சீர் எதிலும் அந்தக் கேள்வி வரும். வானத்திலிருந்து வந்தவனுக்குக் கூட்டம் கிடையாது. மூலக்கதையில் ‘கிரிப்டானின் கடைசி மகன்’ என்ற பெரிய வார்த்தை சொல்கிற வலியை இங்கே ஒரு திண்ணைக் கேள்வி சொல்லிவிடும். அவனது இரகசிய அடையாளம் முகத்தில் மாட்டும் கண்ணாடியில் இல்லை, அந்தக் கேள்விக்கு அவன் சொல்லும் பொய்யில் இருக்கிறது.

பொய்யை எப்படிக் கட்டுவது என்பதையும் ஊர் வழக்கமே சொல்லும். ஆத்தா தாராபுரம் பக்கம் தாய்வீட்டுக்குப் போய் ஆறேழு மாதம் தங்கி, கையில் பிள்ளையோடு திரும்புகிறாள். அப்படியென்றால் அவள் அண்ணனுக்கு உண்மை தெரிந்தாக வேண்டும். மூலத்தில் இல்லாத நான்காவது ஆள் இப்படி உள்ளே வருகிறார். இடத்தின் கட்டாயத்தால் வருகிறவர் என்பதால் அவர் கதையில் ஒட்டுப்போட்டதுபோல் தெரிய மாட்டார். காது குத்தும்போது பிள்ளை உட்கார வேண்டியது தாய்மாமன் மடியில்தான். யார் பெற்றதோ தெரியாத குழந்தையை ஊர் பார்க்க மடியில் வைத்துக்கொள்ளும் அந்த ஒரு நொடிக்குள் தத்தெடுப்பு முழுவதும் அடங்கிவிடுகிறது. நீதிமன்றமும் வேண்டாம், கண்ணீர் வசனமும் வேண்டாம்.

பெயர்: குப்புசாமி. பிள்ளை தங்காத வீட்டில் பிறந்ததைக் குப்பையில் போட்டு எடுத்துக் குப்புசாமி, குப்பம்மாள் என்று பெயர் வைக்கும் வழக்கம் உண்டு. காலம் கடந்து பிறந்த பிள்ளைக்கு அந்தப் பெயர் வைத்ததில் ஊருக்குச் சந்தேகம் வராது. ‘கிடந்ததை எடுத்தது’ என்ற அர்த்தம் அந்த மூன்று பேருக்கு மட்டும் தெரியும். மூலக்கதையில் வளர்ப்புப் பெற்றோர் வைத்த கிளார்க் என்ற பெயருக்கு ஒலி ஒத்த தமிழ்ப்பெயர் தேடி உட்கார்ந்திருந்தால் இது கிடைத்திருக்காது.

ஒன்றை மறக்கக் கூடாது. கொங்கு என்றால் தோட்டத்துக்காரர் மட்டும் இல்லை. அதே தோட்டத்தில் வருசக்கூலிக்கு இருந்த குடும்பங்களும் உண்டு. தம்பதி அவர்களில் ஒருவராக இருந்தால் கதை மொத்தமும் வேறாகிவிடும்: பல ஊர்களில் அந்தக் கிணற்றில் அவர்கள் இறங்கவே கூடாது என்றிருந்த காலம் அது. அழுகைச் சத்தம் கேட்டும் இறங்கலாமா என்று நிற்கும் அந்தக் கட்டம், உண்மையைச் சொன்னால், நாம் மேலே கட்டிய கதையைவிடக் கூர்மையானது. எதை எழுதுகிறீர்கள் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். இரண்டையும் 16 பக்கத்தில் திணித்தால் இரண்டும் நிற்காது.

வரைபவருக்கு ஒரு குறிப்புத்தாள் எழுதிக் கொடுங்கள். கொறங்காடு என்பது மேய்ச்சலுக்கு விட்ட புஞ்சை: கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், நாலு பக்கமும் கிளுவை முள்வேலி, கடவில் (வேலி வாசலில்) அடைக்கும் படல். வெயில் காலத்தில் பச்சை அதிகம் இருக்காது. காங்கேயம் கன்று பிறக்கும்போது செம்பழுப்பு. ஆறு மாதம் போல ஆனதும் சாம்பல் நிறத்துக்கு மாறும். காளைக்குத் திமிலும் முன்பகுதியும் கருமை ஏறியிருக்கும். 1983 காட்சியில் காற்றாலை வரைந்தால் பிழை. அவை பிறகு வந்தவை. அப்போது காங்கேயம் இருந்தது பெரியார் மாவட்டத்தில், திருப்பூர் நகரம் கோவை மாவட்டத்தில். திருப்பூர் மாவட்டம் பிறந்தது 2009-இல். பெயர்ப்பலகையில் இதைத் தப்பாக எழுதினால் உள்ளூர் வாசகர் அடுத்த பக்கத்தையும் சந்தேகத்தோடுதான் திருப்புவார்.

பலம், வேலை, உடை

பலத்தைக் காட்ட டிராக்டரைத் தலைக்கு மேல் தூக்க வைக்காதீர்கள். அதை எல்லாரும் பார்த்தாயிற்று. கிணற்றில் 5 குதிரைத்திறன் மோட்டார் பழுது. மேலே ஏற்றக் கப்பியும் வடக்கயிறும் நாலு ஆளும் வேண்டும். ஆள் நாளைக்குத்தான் வருவார்கள். காலையில் அப்பன் எழுந்து பார்த்தால் மோட்டார் தொட்டி ஓரத்தில் இருக்கிறது. பத்து வயதுப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறான். தூக்கியதைக் காட்டவே வேண்டாம். அப்பன் முதலில் மோட்டாரைப் பார்க்கிறார், பிறகு படலைச் சாத்துகிறார். பயமும் பாசமும் அந்த ஒரு செயலில் வந்துவிடும்.

விளக்கமும் பழைய வழியிலேயே இருக்கட்டும். எறும்புப் புற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் பையன், ஒரு கட்டம். மஞ்சள் சூரியன், ஈர்ப்புவிசை என்று இரண்டு பக்கம் விளக்கினால் வாசகர் கொட்டாவி விடுவார்.

நிருபர் வேலையை மூலத்தில் வைத்ததற்குக் காரணம், செய்தி முதலில் காதில் விழும் என்பது. 2011-இல் 28 வயது ஆளுக்கு அதே பயன் தரும் வேலை திருப்பூரில் என்ன? 108 வண்டி ஓட்டுநர் என்று முதலில் தோன்றும். ஆனால் நடுவில் வண்டியை விட்டுக் காணாமல் போக முடியாது. பகுதி நேர நிருபர்தான் சரி: பைக்கில் சுற்றுவார், எங்கே போனாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள், சம்பளமும் சொல்லும்படி இருக்காது.

முதல் காரியம் என்ன என்பதில் கதையின் குணம் தெரிந்துவிடும். திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் கலந்தது, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது எல்லாம் பொதுவில் உள்ள செய்திகள். ஆனால் ஆற்றை ஒரே மூச்சில் உறிஞ்சிச் சுத்தம் செய்யும் சூப்பர்மேன் வேண்டாம். நிஜத்தில் தீராத பிரச்சினையை நாயகன் ஒரு பக்கத்தில் தீர்த்தால் அந்த ஊர்க்காரருக்கு எரிச்சல்தான் வரும். அளவைக் குறையுங்கள். கல்யாணப் பணம் சேரும் என்று ஆசை காட்டி நூற்பாலை விடுதிக்குள் வைத்து வேலை வாங்கும் சுமங்கலித் திட்டம் இந்தப் பகுதியில் நடந்த ஒன்று. வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுகிற ஒரு பெண், பூட்டிய கேட், இரவுக் காவலாளி. பூட்டு உடைகிற சத்தம்கூட வேண்டாம். காலையில் கேட் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறது, அவ்வளவே. 1938-இன் நாயகன் செய்யக்கூடிய காரியம் இது. ஆலைக்குக் கற்பனைப் பெயர் வையுங்கள்.

உடைக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். பனியன் கம்பெனிக் கழிவுத்துணியில் ஆத்தா தைத்தது. இரண்டு நிறம், ஓரத்தில் ஓவர்லாக் தையல், தோளில் தவறாக வெட்டிய ஏற்றுமதித் துணியின் அரைகுறை எழுத்து.

16 பக்கத்தைப் பிரிக்கும் விதம்

பக்கம் 1: நான்கு கட்டம், வசனமே இல்லை, கிரகத்தின் முடிவு. 2 முதல் 4: கிணறு. 5, 6: தாய்வீடு, காது குத்து. 7, 8: மோட்டார். 9: வளர்ந்த பையன், பெண் பார்க்கப் போன வீட்டுத் திண்ணையில் கூட்டக் கேள்வி. 10, 11: அடுத்த வறட்சி, கலம் வெளியே தெரிகிறது, ஆத்தா உண்மை சொல்கிறாள். 12 முதல் 15: திருப்பூர், விடுதி. 16: சாய்த்து வைத்த கேட்.

வலப்பக்கத்தில் வரும் பக்கங்கள் ஒற்றை எண்கள். திருப்பியதும் கண்ணில் படுவது இரட்டை எண் பக்கம். ஆகவே அதிர்ச்சிகளை இரட்டை எண் பக்கத்தின் முதல் கட்டத்தில் வையுங்கள். கிணற்றுக்குள் குழந்தை தெரிவது 4-ஆம் பக்கத்தில். கலம் தெரிவது 10-ஆம் பக்கத்தில். 3-ஆம் பக்கக் கடைசிக் கட்டத்தில் குழந்தையைக் காட்டிவிட்டால் பக்கம் திருப்பும் முன்பே கண் பார்த்துவிடும்.

எழுத்துப்படி இப்படி இருந்தால் போதும். பக்கம் 6:

கட்டம் 1, அகலம். சாளை வாசலில் பந்தல், ஒறம்பரை (உறவினர்) நிறைந்திருக்கிறார்கள். ஆசாரி ஊசியோடு காத்திருக்கிறார். பிள்ளை ஆத்தா இடுப்பில்.

கட்டம் 2. கிழவி ஒருத்தி, பக்கத்துக்காரியின் காதில்: “பையன் ஆரு சாடையுமே இல்லீங்களே!”

கட்டம் 3, சிறியது. ஆத்தாவின் கை மட்டும். பிள்ளையை இறுக்கிப் பிடிக்கிறது.

கட்டம் 4, பக்கத்தில் பாதி. மாமன் மணையில் உட்கார்ந்து கை நீட்டுகிறார்: “வா சாமி, என்ற மடிக்கு.”

கட்டம் 5. ஊசி முனை வளைந்திருக்கிறது. ஆசாரி ஊசியைப் பார்க்கிறார். மாமன் ஆசாரியைப் பார்க்கிறார்.

கடைசிக் கட்டம்தான் இந்தப் பக்கத்தின் கூலி. காது குத்து வந்துவிட்டால், துளைக்க முடியாத தோல் என்னாகும் என்று எழுதுகிறவர் யோசித்தே ஆக வேண்டும். இப்படி மூலக்கதையின் சட்டமும் ஊரின் சட்டமும் முட்டும் இடங்களைத் தேடுங்கள். நல்ல கட்டங்கள் அங்கேதான் கிடைக்கும்.

பேச்சும் பலூனும்

வட்டாரப் பேச்சை எல்லாச் சொல்லிலும் ஏற்றாதீர்கள். வசனம் எழுதும் பலூனுக்கு ஓரிரு அடையாளம் போதும்: “ஏனுங்க, கெணத்துக்குள்ள என்னமோ அழுவற சத்தம் கேக்குது.” “ஆட்டுக்குட்டி உளுந்திருக்கும் புள்ள.” “ஆட்டுக்குட்டி இப்பிடியா அழுவும்? லைட்ட எடுங்க.” மனைவி ‘ங்க’ போடுவாள், கணவன் ‘புள்ள’ என்பார், பிள்ளையைப் பெரியவர்கள் ‘கண்ணு’, ‘சாமி’ என்பார்கள். கோபத்திலும் அந்த ‘ங்க’ போகாது என்பதுதான் கொங்குப் பேச்சின் அழகு: “கேட்டத் தொறந்து உட்டுருங்க. ரண்டாவது தடவ சொல்ல மாட்டனுங்க.” இந்த மரியாதையில் இருக்கும் மிரட்டலை வேறெந்த வட்டாரமும் கொடுக்காது. அப்பனின் அப்பா ‘அப்பாரு’, ஆத்தாவின் அப்பா ‘அப்புச்சி’. இதை மாற்றி எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். கதைசொல்லிப் பெட்டிகள் பொதுத்தமிழில் இருக்கட்டும்.

தமிழ்ச் சொல் நீளம். ஆங்கில காமிக்ஸ் கணக்கில் பலூன் வரைந்தால் எழுத்து பிதுங்கும். ஒரு பலூனுக்கு 12 சொல், ஒரு கட்டத்துக்கு 25, ஒரு பக்கத்துக்கு 90 என்று உச்சவரம்பு வையுங்கள். பலூனை வட்டமாக இல்லாமல் அகலவாட்டில் போடுங்கள். நீண்ட கூட்டுச்சொல்லைக் கோடு போட்டு உடைக்காமல் சொற்களைப் பிரித்து எழுதுங்கள். அச்சில் 9 முதல் 10 புள்ளி அளவு வேண்டும். அதற்குக் கீழே போனால் புள்ளியும் சுழியும் கலங்கிவிடும். வரி இடைவெளி எழுத்தளவைப்போல் 1.3 மடங்கு.

கொம்பு பிரிந்து ஓடுவது அடிக்கடி வரும் தொல்லை. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில், எழுத்து அமைப்புகளில் உலக மொழிகளுக்கான தளவமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ‘கொ’ சிதறும். இங்க்ஸ்கேப்பில் அந்தச் சிக்கல் இல்லை. இலவச யூனிகோடு எழுத்துருக்களில் கவிவனார் கையெழுத்துச் சாயலில் இருப்பதால் வசனத்துக்குப் பொருந்தும். பெட்டிகளுக்கு மீரா இனிமை அல்லது பவானம். ‘தொபீர்’, ‘மடார்’ போன்ற ஒலிகளை எழுத்துருவில் போடாமல் கையால் வரையுங்கள்.

தாள், மை, அச்சு

முடிவான அளவு 16.8 × 26 செ.மீ. என்றால் ஒன்றரை மடங்காக, ஏ3 தாளில் 25.2 × 39 செ.மீ. சட்டத்தில் வரையலாம். விளிம்பு வரை போகும் படத்துக்கு அச்சு அளவில் 3 மி.மீ. கூடுதல் விடுங்கள், ஒன்றரை மடங்குத் தாளில் அது 4.5 மி.மீ. பலூன் எதுவும் வெட்டுவிளிம்பிலிருந்து 10 மி.மீ.க்குள் வரக் கூடாது. மைக்கோட்டை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். எழுத்து கறுப்பு மையில் மட்டும் இருக்கட்டும். நான்கு நிறமும் கலந்த கறுப்பாக இருந்தால் அச்சு மயிரிழை நகர்ந்தாலும் பொடி எழுத்துக்கு நிழல் விழும். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்கு உள்பக்கங்கள் 4-இன் மடங்காக இருக்க வேண்டும். 17-ஆவது பக்கம் எழுதினால் இன்னும் மூன்றுக்குச் செலவு.

விற்கும் முன்

ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் பதிப்புரிமை அமெரிக்காவில் 2034 ஜனவரி 1 அன்று முடிகிறது. அதுவும் அந்த இதழில் இருந்தவற்றுக்கு மட்டும். நீங்கள் வலப்பக்கம் எழுதிய பட்டியல் அதில் சேராது. நெஞ்சுச் சின்னமும் பெயரும் வணிகச் சின்னங்களாகத் தொடரும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விமரிசனத்துக்கும் மதிப்புரைக்கும் இடம் தருகிறது. அதை நம்பி மறுகதையை அச்சடித்து விற்க முடியாது. சூப்பர்மேன் என்ற பெயர், சின்னம், சிவப்பு நீலம், கிரிப்டான் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வானத்திலிருந்து விழுந்த குழந்தையை ஒரு தம்பதி வளர்க்கிறார்கள் என்ற வெறும் கருத்து யாருடைய சொத்தும் இல்லை. மேலே சொன்ன குப்புசாமி கதையில் எடுக்க வேண்டியது அநேகமாக ஒன்றும் இருக்காது.

கடைசிச் சோதனை ஒன்று. பென்சில் படியை, அட்டையும் தலைப்பும் இல்லாமல், காமிக்ஸ் படிக்கும் ஒருவரிடம் கொடுங்கள். “அட, இது சூப்பர்மேன் கதை ஆச்சே!” என்று எந்தப் பக்கத்தில் சொல்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். 2-ஆம் பக்கத்திலேயே சொன்னால் கிணற்றுக் காட்சியைத் திரும்ப எழுத வேண்டும். 16 முடிந்தும் சொல்லாவிட்டால் எலும்பு தொலைந்துவிட்டது. வளைந்த ஊசிக்கும் தொட்டி ஓரத்து மோட்டாருக்கும் நடுவே எங்காவது சொன்னால் மை போட ஆரம்பிக்கலாம்.